எவரிஸ்து கொறேராவை அழித்த கடிதம்

சிப்பிக்குடியில் சலேத்தம்மாவின் மகன் இடது காது இல்லாமல் ஊருக்கு வந்து இறங்கிய வருஷம் எது என்று கேட்டால், மழை ஏமாற்றிய வருஷம் என்பார் ஒருவர், கோயில் கோபுரத்துக்கு வெள்ளை அடித்த வருஷம் என்பார் இன்னொருவர், சேசடிமையின் பிரவுசிங் சென்டருக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வந்த வருஷம் என்பார் மூன்றாமவர். எல்லாம் ஒரே வருஷம்தான். ஆனால் யாரும் அதைக் காது போன வருஷம் என்று சொல்லமாட்டார்கள். அதற்கு அப்புறம் போனதையும் வந்ததையும் நினைத்தால் காது ஒரு பெரிய விஷயமே இல்லை.

பாதி வீடுகள் வள்ளத்தையும் வலையையும் நம்பியவை, மீதி வீடுகள் பிள்ளைகளை வெளிநாட்டுக் கப்பல்களுக்கு வேலைக்கு அனுப்பியவை என்று இருந்த கடற்கரை ஊர் அது. கப்பலுக்குப் போனவர்களின் கடிதம் ஒரு காலத்தில் மாதக்கணக்கில் கடந்து வந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சேசடிமை சென்டர் திறந்ததும் அது மெயிலாக வர ஆரம்பித்தது. மீன் கூடையை இறக்கிவைத்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, செருப்பை வாசலில் விட்டு, கோயிலுக்குள் நுழைகிற மாதிரித்தான் பெண்கள் அந்தச் சின்ன அறைக்குள் நுழைவார்கள். கம்ப்யூட்டருக்கு மேலே சேசடிமை ஒரு மாதா படமும் மாட்டியிருந்தான், ஆகையால் சிலுவை போட்டுக்கொண்டு உட்காருவதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

சலேத்தம்மா எட்டாவதோடு நின்றவள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். மகள் டெல்பினைச் சென்னையில் கட்டிக்கொடுத்துவிட்டு, மகன் ராசனைக் கப்பலில் என்ஜின் வேலைக்கு அனுப்பிவிட்டு, காலைப் பூசை, மத்தியானம் கருவாடு, சாயங்காலம் செபமாலை என்று இருந்தவள். ராசன் என்பது வீட்டில் கூப்பிட்ட பெயர், ஊரும் அதையே கூப்பிட்டது. அவன் பிறந்த அன்று காலண்டரில் எந்தப் புனிதருடைய நாளோ அந்தப் பெயரைப் பழைய சாமியார் ஞானஸ்நானத்தில் இட்டார். எவரிஸ்து கொறேரா என்ற அந்தப் பெயர் கோயில் புத்தகத்திலும் கப்பல் தாள்களிலும் இருந்ததே தவிர, ஒருவர் வாயிலும் இருக்கவில்லை. அவன் அனுப்பும் மெயிலின் தலைப்பில் அது இங்கிலீஷில் வரும். அவள் அதைத் தாண்டி நேராகக் கடைசி வரிக்குப் போய் 'உங்கள் ராசன்' என்பதைத்தான் முதலில் படிப்பாள். இங்கிலீஷ் எழுத்து எங்கே வந்தாலும், தெருவில் கிடக்கும் தண்ணீரைத் தாண்டுவதுபோல அவள் கண் தாண்டிப் போய்விடும்.

ஊரில் சந்திப்பு மாதா சபை என்று ஒன்று உண்டு, முப்பத்தெட்டுப் பெண்கள். கண்ணாடி வைத்த மரப்பெட்டிக்குள் மாதா சொரூபம் ஒன்று இருக்கும். அது வீடு வீடாகப் போகும். வந்த வீட்டில் செபம் சொல்லி, பூ வைத்து, மறுநாள் பொழுது சாய்வதற்குள் அடுத்த வீட்டில் ஒப்படைத்துவிடவேண்டும். பெட்டியைத் திறந்து பார்க்கக்கூடாது, கூட ஒரு நாள் வைத்துக்கொள்ளக்கூடாது, வாங்க மாட்டேன் என்று சொல்லவும் கூடாது. எழுபது வருஷமாக ஒரு நாள்கூட அந்தப் பெட்டி நின்றதில்லை. சபையின் தலைவி கிளாரிந்தா டீச்சர் எல்லோருக்கும் மெயில் விலாசம் திறந்துகொடுத்தபோது, பெண்கள் மெயிலையும் அந்தப் பெட்டியைப்போலவே நடத்தினார்கள். வந்தது எதுவானாலும், நோயாளிக்கான செபமோ, காணாமற்போன குழந்தையின் படமோ, எந்தப் பழத்தோடு எந்தப் பானம் சேர்த்தால் சாவு என்ற சேதியோ, உள்ளே என்ன என்று பார்க்காமல், அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், எல்லோருக்கும் தள்ளிவிட்டார்கள். தன்னிடம் வந்து நின்றுபோனது என்ற பேச்சு யாருக்கும் வரக்கூடாதில்லையா?

அந்த எச்சரிக்கையும் அப்படித்தான் வந்தது. அவசரம், அவசரம், அவசரம் என்று மூன்று முறை போட்டிருந்தது. இன்ன பெயரில் ஒரு கடிதம் வரும், அது பொல்லாத வைரஸ், தொட்ட கம்ப்யூட்டரில் உள்ள எல்லாவற்றையும் தின்றுவிடும், அந்தப் பெயரை எங்கே கண்டாலும் உடனே அழித்துவிடுங்கள், உங்களுக்குப் பிரியமானவர்கள் அத்தனை பேருக்கும் இன்றே சொல்லுங்கள் என்று இருந்தது. பெயர் மட்டும் இங்கிலீஷில் இருந்தது. சலேத்தம்மாவின் கண் அதைத் தாண்டியது.

"டீச்சர், இது என்னன்னு ஒரு வாட்டி பாத்துட்டு அனுப்பட்டா?"

"பாக்கதுக்கு என்ன இருக்கு சலேத்து? நல்லதுக்குத்தான சொல்லியிருக்கு. நாலு பேரு கம்ப்யூட்டரு பொழைக்கட்டும்."

"அதுவும் சரிதான்."

முப்பத்தெட்டுப் பேருக்கும் அனுப்பினாள். பிரியமானவர்கள் என்று சொல்லியிருந்ததால் மகளுக்கும் அனுப்பினாள். சேசடிமை தன் பங்குக்கு, அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டி, இந்தப் பெயர் எப்போது வந்தாலும் காட்டாதே, அழித்துவிடு என்று கம்ப்யூட்டரிடமே சொல்லிவைத்தான்.

அதன் பிறகு ஆறு வாரம் ராசனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. சலேத்தம்மா தினமும் வந்து உட்கார்ந்து, வெறும் திரையைப் பார்த்து, எழுந்து போனாள். "கடல் நடுவுல இருக்கானோ என்னமோ" என்று சேசடிமை ஆறுதல் சொன்னான். ஏழாவது வாரம் திங்கட்கிழமை, வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ராசன் இறங்கினான். இடது காது இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. வெட்டு இல்லை, தழும்பு இல்லை, சிலேட்டில் எழுதியதை ஈரத்துணியால் துடைத்த மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"எய்யா, என்னய்யா இது? வலிக்கா?"

"வலி ஒண்ணும் இல்லம்மா. காத்து கொஞ்சம் நேரா போகுது, அவ்வளவுதான். கப்பல்ல ஆள் பட்டியல்ல எம் பேர எத்தன தடவ எழுதினாலும் மறஞ்சு போகுதுன்னு எறக்கி விட்டுட்டாவ."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

அவள் உலை வைத்தாள். அன்றைக்கு அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே இடது சுண்டுவிரல் போனது. அவன் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான்.

ஊர் பார்க்க வந்தது. வாழைப்பழம், பிஸ்கட், ஹார்லிக்ஸ் பாட்டில் என்று நோயாளி வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். வள்ளக்காரர்கள்தான் இதை முதலில் ஏற்றுக்கொண்டவர்கள். கடல் ஆளை முழுசாகத்தான் எடுக்கும், இங்கே கொஞ்சங் கொஞ்சமாக எடுக்கிறது, இருக்கிற மட்டும் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா என்றார்கள். இடது கை முழங்கை வரைக்கும் போனதும் தையல்காரர் கேட்காமலே சட்டையை அதற்குத் தக்கபடி தைத்துக் கொடுத்தார். வலது பாதம் போனதும் தச்சர் ஒரு கட்டை செய்து கொண்டுவந்தார், அது பொருந்துகிற நேரத்தில் மறு பாதமும் போயிருந்தது, அவர் திரும்பிப் போய் இன்னொன்று செய்தார். டீக்கடையில் அவனைக் கைத்தாங்கலாக உட்காரவைக்க ஒரு நாற்காலி தனியாகப் போட்டார்கள். சீட்டு விளையாடுகிறவர்கள் அவனுடைய சீட்டை அவன் முன்னால் நிறுத்திவைக்கப் பலகையில் ஒரு கோடு வெட்டினார்கள். "ஏ ராசா, இன்னைக்கு என்னல போச்சு?" என்று கேட்பது, "என்ன குழம்பு?" என்று கேட்பதுபோல ஆகிவிட்டது. தலை புருவத்துக்கு மேலே மறைந்துபோனபின், அவன் திண்டில் சாய்ந்திருந்தால் பின்னால் சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது. விபூதிப் புதனன்று சாம்பல் பூச வந்த சாமியார், நெற்றியைத் தேடி விரல் அந்தரத்தில் நிற்க, கொஞ்ச நேரம் யோசித்து அவன் நெஞ்சில் சிலுவை போட்டார்.

சலேத்தம்மா மட்டும் பழகிக்கொள்ளவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் கோயிலில் மாதா சொரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, "தாயே, ஒம் மவன சிலுவையிலேருந்து எறக்கி முழுசா ஒம் மடியில குடுத்தாவ. எனக்கு அப்படிக்கூட வேண்டாம். உசிரோட, இருக்கிறபடி, விட்டுரு" என்று கேட்டாள்.

கணக்கைக் கண்டுபிடித்தவன் ராசன்தான். என்ஜினில் எந்த நேரத்தில் என்ன சத்தம் மாறுகிறது என்று கவனித்தே பழகியவன். தினமும் சாயங்காலம், சபைப் பெண்கள் சென்டரிலிருந்து வெளியே வருகிற நேரத்தில்தான் தன்னிடம் ஏதோ ஒன்று போகிறது என்று பார்த்துவைத்தான். ஒரு நாள் தன்னைச் சென்டருக்குத் தூக்கிப் போகச் சொன்னான், அம்மாவையும் கூட வரச் சொன்னான். வந்த மெயில், போன மெயில் எல்லாவற்றையும் காட்டு என்று சேசடிமையிடம் சொன்னான். அந்த எச்சரிக்கை வந்ததும், "நிறுத்து" என்றான்.

"எம்மா, இந்த எடத்துல என்ன எழுதியிருக்கு, படிங்க."

"இங்கிலீஷ்லா அது."

"தாண்டாதிய. விரல வச்சுப் படிங்க."

அவள் விரல் வைத்தாள். ஈ என்றாள், வி என்றாள், ஏ என்றாள், ஆர் என்றாள். பாதி வழியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது, ஆனாலும் விரலை எடுக்காமல் கடைசி எழுத்து வரைக்கும் போனாள். அதற்கு மேலே, அனுப்பியவர் என்ற இடத்தில், அவளுடைய பெயர் நல்ல தமிழில் இருந்தது.

"நானா அனுப்பினேன்? எய்யா, நானா?"

"நீங்களும்தான்" என்றான் ராசன். "எல்லாரும்தான். யாரும் பாக்கல."

முதலில் எழுதியது யார் என்று தெரியவில்லை. சேசடிமை கொஞ்ச தூரம் தேடிப் பார்த்தான். டெல்பினின் ஆபீஸ், அங்கிருந்து துபாய், துபாயிலிருந்து கனடா என்று அது ஒவ்வொரு நாளும் புதுப் புது ஊரில் யாரோ நல்லவர்களால், பிரியமானவர்களுக்கு, அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தது.

சலேத்தம்மா மறுப்பு ஒன்று எழுதினாள். 'அந்தச் சேதி பொய். எவரிஸ்து கொறேரா வைரஸ் இல்லை, என் மகன். நான் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். நீங்களும் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.' அவ்வளவுதான். அதை முப்பத்தெட்டுப் பேருக்கும் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தபோது, ராசனின் இடது கை இருந்த இடத்தில் ஒரு விரல் நகம், விரல் இல்லாமல், அந்தரத்தில் வந்து நின்றிருந்தது. அவள் அந்த நகத்துக்கு முத்தம் கொடுத்தாள்.

பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொருத்தியும் மறுப்பை அனுப்பும்போது ஒரு புருவமோ ஒரு கணுவோ வந்தது. ஆனால் எல்லோரும் அனுப்பவில்லை.

"நான் பொய்யி அனுப்பினேன்னு நானே எழுதவா? எம் மருமவ வீட்டுக்காரங்களும் படிப்பாவல்லா" என்றாள் ஒருத்தி.

"நீங்கதான அக்கா சொன்னிய, பாத்துட்டு அனுப்பணும்னு. பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் இன்னொருத்தி, மூன்று வாரமாக.

டெல்பினுக்குப் போன் போட்டாள். "எம்மா, நானூறு பேருக்கு அனுப்பியிருக்கேன். இந்த மறுப்பே வைரஸா இருந்தா? ஆபீஸ்ல கேப்பாங்க."

"ஒந் தம்பிட்டி அது."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அன்று சாயங்காலம் டெல்பின் அனுப்பினாள். ராசனுக்கு இடது முழங்கால் வந்தது. ஆனால் நானூறு பேரில் நாலு பேர்கூட அதை மேலே அனுப்பவில்லை. எச்சரிக்கையோ போய்க்கொண்டே இருந்தது. ஒன்று வந்தால் மூன்று போனது. தவக்காலம் முடிவதற்குள் அவனிடம் மிச்சம் இருந்தது கண், மூக்கு, வாய், வலது கன்னம், நெஞ்சு, வலது கை.

கிளாரிந்தா டீச்சர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவளும் தன் பங்கு மறுப்பை எல்லோருக்கும் முன்னால் அனுப்பியவள்தான். "சலேத்து, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. ஒம் மறுப்புல பயமும் இல்ல, ஆசீர்வாதமும் இல்ல. அத எவ எடுத்து அனுப்புவா? கீழ ஒரு செபத்தப் போடு. அப்பம் பாரு."

"வேண்டாம்மா" என்றான் ராசன். "உள்ளத மட்டும் சொல்லுங்க. மெள்ளப் போகட்டும்."

"மெள்ளப் போனா ஒனக்கு என்னய்யா மிஞ்சும்?"

"செபம்னா யாரும் படிக்க மாட்டாவ. அப்படியே தள்ளிருவாவ. தள்ளுத கையி சும்மா இருக்காது, எதாவது ஒண்ணச் சேக்கும்."

சலேத்தம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கன்னமும் போனது. எழுந்து சென்டருக்கு நடந்தாள். மறுப்பின் கீழே, 'இந்த மகனுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி, இதை உங்களுக்குப் பிரியமான எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று சேர்த்தாள். சேர்த்ததை மூன்று முறை விரல் வைத்துப் படித்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அனுப்பினாள்.

அது பறந்தது. வீட்டுக்குத் திரும்பும் முன்பே கன்னம் வந்திருந்தது. மறுநாள் நெற்றி வந்தது, முடியோடு. நான்காம் நாள் இடது கை தோளிலிருந்து விரல் நுனிவரை, மழை இறங்குவதுபோல வந்தது. ஊர் மறுபடியும் வாழைப்பழத்தோடு வந்தது. தையல்காரர் சட்டையின் கையைப் பிரித்துத் தைத்தார். தச்சர் தன் கட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "விறகுக்காவது ஆச்சு" என்றார், அவர் கண் கலங்கியிருந்தது. சீட்டு விளையாடுகிறவர்கள், அவன் சீட்டைக் கையில் மறைத்துப் பிடிப்பதைப் பார்த்து, "கை வந்ததும் களவாணி ஆயிட்டான் பாரு" என்றார்கள். ஒன்பதாம் நாள் காலையில் காது வந்தது. மத்தியானம் இரண்டு பாதங்களும் வந்தன. ராசன் எழுந்து நின்றான், இரண்டு எட்டு வைத்தான், மயங்குகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"பசிதான்" என்று சலேத்தம்மா ஒரு பழத்தைக் கையில் கொடுத்தாள். "இரு, சேசடிமைட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருதேன்."

நன்றி சொல்லத்தான் போனாள். சேசடிமை அவளைப் பார்த்ததும் எழுந்து, "அக்கா, ஒங்க மெயிலு ஒலகத்தச் சுத்திட்டு ஒங்களுக்கே திரும்பி வந்திருக்கு" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான். யாரோ முன்பின் தெரியாத ஒருத்தி, ஏதோ ஒரு தூர நாட்டிலிருந்து, பிரியமானவர்களுக்கு என்று அனுப்பியிருந்தாள். சலேத்தம்மா எழுதிய வரிகள் அப்படியே இருந்தன. கடைசி வரியில் மட்டும், எந்த ஊரில் எந்தக் கை என்று தெரியவில்லை, இரக்கமுள்ள ஏதோ ஒரு கை கொஞ்சம் திருத்தியிருந்தது. 'மரித்துப்போன இந்த மகனின் ஆத்துமா இளைப்பாற ஒரு அருள் நிறைந்த மரியே.' அதற்குக் கீழே ஆமென், ஆமென், ஆமென் என்று ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

அவள் அந்த வரியில் வைத்த விரலை எடுப்பதற்குள் கோயிலில் மணி அடித்தது. ஆண் ஆள் இறந்தால் அடிக்கிற துக்க மணி, விட்டு விட்டு, ஒற்றை ஒற்றையாக.

சலேத்தம்மா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். வீட்டுக்குப் போகிற வழியில்தான் கோயில். மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு உபதேசியார் இஞ்ஞாசி நின்றிருந்தார், சட்டைப் பையில் ஒரு காகிதம் மடித்துச் செருகியிருந்தது, முகமெல்லாம் கண்ணீர்.

"யாருக்கு அடிக்கிய?"

"ராசனுக்குத்தான் தாயி." கயிற்றை விடவில்லை அவர்.

"வீட்டுல வந்து பாத்தியளா?"

"மெயிலு வந்திச்சே."

"பாத்தியளா, இல்லியா?"

"எல்லாரும் அனுப்பியிருக்காவளே தாயி" என்றார் இஞ்ஞாசி, மிகவும் பணிவாக.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ராசன் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன. கையில் பாதி உரித்த பழம் இருந்தது. நெற்றி இருந்தது, காது இரண்டும் இருந்தன, பத்து விரலும் நகத்தோடு இருந்தன, கண் திறந்திருந்தது.

மணி கேட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோரமாக ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். "ஒரு கொறை இல்லாம வந்து சேந்துட்டானே அக்கா, மாதா புண்ணியம்" என்று ஒருத்தி விம்மினாள். இன்னொருத்தி மெழுகுதிரி ஏற்றினாள். கிளாரிந்தா டீச்சர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "சலேத்து, டெல்பினுக்குத் தெரிவிக்கணும்லா. போய் ஒரு மெயில் போட்டுட்டு வந்திரட்டா?" என்று கேட்டாள்.

சலேத்தம்மா கட்டிலில் மகனுக்கு ஒட்டி உட்கார்ந்து, புறங்கையை அவன் மூக்குக்குக் கீழே வைத்திருந்தாள். வைத்த கை அசையவில்லை.

"யாருக்கும் ஒண்ணும் அனுப்பாதிய டீச்சர். நான் பாத்துட்டுச் சொல்லுதேன்."

மணி நின்றது. பெண்கள் முழங்காலில் விழுந்து செபமாலையைத் தொடங்கினார்கள். முதல் தேவ இரகசியம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவது முடிந்தது. டீச்சர் மறுபடியும் அவள் தோளைத் தொட்டாள்.

"இருங்க" என்றாள் சலேத்தம்மா. "இன்னும் பாத்து முடியல."